குரு பாதி வழி வருகிறார்

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே வந்து, செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலத்தையும் கடந்தால் படாளம் கூட்ரோடு வரும். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் இங்கேதான் திரும்புவார்கள். அரவைப் பருவத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரும். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் மதுராந்தகம்.

அந்த மதுராந்தகத்தில்தான் ராமானுஜர் தம் குருவை எதிர்கொண்டார் என்கிறது குருபரம்பரை வரலாறு. பெரிய நம்பியிடம் உபதேசம் பெற ராமானுஜர் காஞ்சியிலிருந்து திருவரங்கம் நோக்கிக் கிளம்புகிறார். அவரை அழைத்துப்போகப் பெரிய நம்பி திருவரங்கத்திலிருந்து காஞ்சி நோக்கிக் கிளம்புகிறார். ஏரி காத்த ராமர் கோயிலில் இருவரும் சந்திக்கிறார்கள். காஞ்சிக்குப் போய் முறைப்படி செய்யலாம் என்கிறார் நம்பி. நாளை என்பது யார் கையில் இருக்கிறது, இங்கேயே இப்போதே வேண்டும் என்கிறார் சீடர். கோயில் மகிழ மரத்தடியிலேயே பஞ்ச சம்ஸ்காரம் என்ற வைணவ தீட்சை நடந்து முடிந்தது.

குருவும் சீடனும் ஆளுக்குப் பாதி என்பதுபோல் எதிரெதிரே நடந்து வந்து சந்தித்த அந்த ஊர் இருக்கும் இதே சாலையோரம், இப்போதெல்லாம் மாலை ஏழரை மணிக்குச் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு சைவ சித்தாந்தமோ, திவ்யப் பிரபந்தமோ, விவிலியமோ, குர்ஆன் ஓதும் முறையோ படிக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் லிங்க் வரும். ஒரு மணி நேரம் வகுப்பு. இரண்டு மாதமோ மூன்று மாதமோ நடக்கும். கடைசியில் ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழ் எந்தப் பட்டப்படிப்பிலும் கணக்கில் சேராது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இணைத்தால் யாரும் மதிப்பெண் போட மாட்டார்கள். ஆனாலும் ஆள் சேர்கிறது. ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் வந்து உட்காரும் இந்த நேரலை வகுப்புகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பதிவு செய்து யூடியூபில் போட்டுவிடும் சொற்பொழிவுகள் வேறு விஷயம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மதக் கல்வி ஏன் இந்தியாவில் பட்டப்படிப்பின் கிரெடிட் கணக்குக்கு வெளியே நிற்கிறது? அரசியலமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் மத போதனை கூடாது என்கிறது. மதங்களைப் பற்றிய ஆய்வுக்குத் தடையில்லை; சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகள் உண்டு. ஆனால் ஒரு சமயத்தவர் தம் சமயத்தைத் தமக்காகக் கற்பது மடங்கள், திருச்சபைகள், மதரஸாக்கள் ஆகியவற்றின் பொறுப்பாகவே இருந்துவருகிறது. பட்டம் தரும் உரிமையை 1956ஆம் ஆண்டின் யு.ஜி.சி. சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும், அதற்கெனச் சட்டத்தால் அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டும்தான் கொடுத்திருக்கிறது. ஓர் ஆதீனம் சான்றிதழ் தரலாம், விருதுப் பெயர் சூட்டலாம், பி.ஏ. தர முடியாது. கிறித்தவ இறையியலில் செராம்பூர் கல்லூரிக்கு மட்டும் ஒரு பழைய விதிவிலக்கு. 1827இல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனமும், 1918இல் வந்த செராம்பூர் கல்லூரிச் சட்டமும் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமையைத் தந்தன. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலும் சென்னை குருகுலத்திலும் படிக்கிறவர்கள் அந்த வழியில்தான் பட்டம் பெறுகிறார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. இலங்கையில் சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் ஒரு பாடம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை சைவநெறிக்கோ கத்தோலிக்கத்துக்கோ பரீட்சை எழுதியே ஆக வேண்டும். ஞாயிறுதோறும் அறநெறிப் பாடசாலை. வளர்ந்த பிறகும் படிக்க விரும்புகிறவர்களுக்கு அகில இலங்கைச் சைவப் புலவர் சங்கம் நடத்தும் இளஞ்சைவப் புலவர், சைவப் புலவர் தேர்வுகள் இருக்கின்றன. லண்டன், டொராண்டோவிலிருந்து இணைய வகுப்புகளில் சேர்கிறவர்களில் அங்கே படித்து வந்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் இது கிடைப்பதில்லை. நாற்பது வயதில் தேடிப் போகிறார்.

தேடிப் போவதற்கு வழிகள் எப்போதும் இருந்திருக்கின்றன. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலே மதக் கல்விப் புத்தகம்தான்: 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்'. பதினாறே பக்கம். கடற்கரைப் பரதவ மக்கள் தங்கள் மறையைத் தங்கள் மொழியில் கற்க எழுதப்பட்டது. மூன்று நூற்றாண்டு கழித்து, மிஷன் பள்ளிகளின் வினாவிடை முறையைக் கூர்ந்து கவனித்த ஆறுமுக நாவலர், அதே முறையில் 'சைவ வினாவிடை' எழுதினார். வண்ணார்பண்ணையில் 1848இலும் சிதம்பரத்தில் 1864இலும் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். மடத்துக்குள் சில பேர் மட்டும் பாடம் கேட்டுவந்த பொருளை, புத்தகம் வாங்க முடிந்த எவரும் படிக்கலாம் என்று ஆக்கிய இரண்டு பேர் என்று இவர்களைச் சொல்வேன். இன்றைய ஆன்லைன் வகுப்புக்கு முன்னோர் அவர்களே.

பிறகு தபால்காரர் வந்தார். விவிலியத்தை அஞ்சல் வழியில் கற்பித்தவர்கள் தமிழ்நாட்டில் பலர். படாளத்திலிருந்து இதே சாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போனால் திண்டிவனம். அங்கே தமிழக ஆயர்களின் விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையம் இருக்கிறது. கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையினரும் சேர்ந்து செய்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் அங்கிருந்துதான் வெளியானது. விவிலிய அஞ்சல் வழிக் கல்வியையும் அந்த நடுநிலையம் நடத்தியது. பாடம் கவரில் வரும்; விடை எழுதி அனுப்ப வேண்டும்; திருத்திய தாள் திரும்பி வரும். செங்கல்பட்டு மறைமாவட்டக் கிராமங்களில் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிற இளைஞர்களுக்கும் உபதேசியார்களுக்கும் இப்படிப்பட்ட படிப்புகள்தான் துணை. 2021 மே மாதம் போப் பிரான்சிஸ் மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருச்சபையின் நிலையான பொதுநிலையினர் பணியாக அறிவித்தபோது, ஊர் ஊராக ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களின் உழைப்புக்கு ரொம்பத் தாமதமாக ஓர் அங்கீகாரம் கிடைத்தது என்றே எனக்குத் தோன்றியது.

சைவத்தில் பெரிய முயற்சி திருவாவடுதுறை ஆதீனத்துடையது. சைவ சித்தாந்த நேர்முகப் பயிற்சி மையங்களைத் தமிழ்நாடெங்கும் வைத்திருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, காலையிலிருந்து மாலை வரை வகுப்பு. இரண்டு ஆண்டுப் பாடத்திட்டம். மெய்கண்டாரின் சிவஞான போதம் முதலான பதினான்கு சாத்திரங்களின் உலகத்துக்குள் நுழைய ஒரு வாசல். வங்கி ஊழியர், ஓய்வு பெற்ற ஆசிரியை, மளிகைக் கடைக்காரர் எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பதி, பசு, பாசம் படிப்பார்கள். யாருக்கும் இதனால் சம்பளம் உயரப் போவதில்லை. அதனாலேயே அந்த வகுப்புகளில் இருக்கிற கவனம் கல்லூரிகளில் அபூர்வம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இவை எல்லாமே கைபேசிக்குள் நுழைந்தன. கேரளத்தில் 1951இலிருந்து மதரஸாக் கல்வியை ஒழுங்குபடுத்திவரும் சமஸ்தா வாரியம் 2020 ஜூன் தொடக்கத்திலேயே இணையத்தில் மதரஸா வகுப்புகளை ஆரம்பித்துவிட்டது. தமிழ்நாட்டில் பல வகுப்புகள் தனித்தனியாகத்தான் பிறந்தன. ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர், தெரிந்த செயலியை வைத்துத் தொடங்கினார்கள். ஊரடங்கு போனது, பல வகுப்புகள் போகவில்லை. வெளிநாடுகளில் இந்த வகைப் படிப்பு அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழகம் மறைக்கல்வி ஆசிரியர்களுக்காகவும், ஆக்ஸ்போர்டின் இந்து ஆய்வு மையம் பொதுமக்களுக்காகவும் கிரெடிட் இல்லாத இணையப் படிப்புகளை வெகுகாலமாக நடத்திவருகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் வாசித்து, எழுதிப் பதிவிட்டுக் கற்கும் முறை. நம்முடைய மதக் கல்வி வாயும் காதும் சேர்ந்தது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

தேவார வகுப்பை எடுத்துக்கொள்வோம். படாளத்துக்கு அருகிலேயே இரண்டு பாடல் பெற்ற தலங்கள்: தெற்கே அச்சிறுபாக்கம், கிழக்கே திருக்கழுக்குன்றம். சம்பந்தர் இரண்டுக்கும் பாடிய பதிகங்கள் முதல் திருமுறையில் 77ஆவதும் 103ஆவதும். இரண்டும் குறிஞ்சிப் பண். இன்று ஓதுவார்கள் அதை அரிகாம்போதியில் பாடுகிறார்கள். ஓதுவார் முன்னே பாட, மாணவர்கள் கூடவே பின்பாடுவதுதான் பழைய முறை. இணையத்தில் இது நடக்காது. ஒரு குரல் புறப்பட்டு எதிர்முனையை அடையச் சில நூறு மில்லி விநாடி வரை ஆகும். சேர்ந்து தாளம் போட அதில் பத்தில் ஒரு பங்கு தாமதமே அதிகம். இருபது பேர் ஒன்றாகப் பாடினால் இருபது தாளம் கேட்கும். போதாததற்குச் செயலி ஒரு நேரத்தில் ஒரு குரலையே மேலே தூக்கி, மற்றதை அமுக்கும். சுருதிப் பெட்டியின் தொடர் நாதத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடும். 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பைப் போட்டால்தான் சுருதி கேட்கும் என்பதை எத்தனையோ ஓதுவார்கள் தட்டுத் தடுமாறித்தான் கற்றிருப்பார்கள்.

ஆகவே முறை மாறியது. எல்லாரும் மியூட். ஓதுவார் ஓர் அடியைப் பாடுகிறார். மாணவர்கள் தங்கள் தங்கள் வீட்டில், தங்கள் சுருதியில், யாருக்கும் கேட்காமல் பாடிப் பார்க்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, அன்மியூட் செய்யச் சொல்லி, அவர் குரலை மட்டும் கேட்டுத் திருத்துகிறார். கூட்டத்தோடு பாடும்போது பக்கத்தில் இருப்பவர் குரலுக்குள் ஒளிந்துகொள்ளலாம். இங்கே ஒளிய இடமில்லை. பள்ளியில் பாட்டு வகுப்பில் வாயசைத்தே தப்பித்தவர்கள் ஐம்பது வயதில் தனியாகப் பாட வேண்டிவருகிறது. கூச்சத்தில் சிலர் நின்றுவிடுகிறார்கள். நின்று பிடித்தவர்களுக்கு, கோயில் மண்டபத்தில் கூட்டமாகப் பாடியபோது கிடைக்காத ஒன்று கிடைக்கிறது: ஆசிரியரின் காது முழுதாக அவர்களுக்கே.

வேதத்துக்கும் பிரபந்தத்துக்கும் உள்ள சந்தை முறை இணையத்துக்கு இன்னும் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஆசிரியர் ஒருமுறை சொல்ல மாணவர் இரண்டுமுறை சொல்ல வேண்டும். மாறி மாறிச் சொல்வதால் தாமதம் உறுத்தாது. குர்ஆன் ஓதலும் அப்படியே. தஜ்வீத் என்பது ஒவ்வோர் எழுத்தும் தொண்டையின், நாக்கின், உதட்டின் எந்த இடத்தில் பிறக்க வேண்டும் என்ற கணக்கு. ஓதச் சொல்லிக்கொடுக்கும் ஹஜரத் கேமராவுக்கு அருகே வந்து வாயைக் காட்டுவார்; பிள்ளையும் காட்ட வேண்டும். ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்தால்தான் இது நடக்கும் என்பதால் இந்த வகுப்புகளில் கூட்டம் சேர்ப்பதில்லை. மற்றவர்கள் இதைப் பார்த்துக் கற்கலாம். முந்நூறு பேர் சேர்ந்திருக்கும் ஒரு 'நேரலை' வகுப்பில், உங்கள் குரலை ஆசிரியர் ஒருமுறைகூடக் கேட்க மாட்டார் என்றால், அது நேரலைதான், வகுப்பு ஆகாது.

கேள்வி கேட்பது இதைவிட முக்கியம். சைவ சித்தாந்த மரபே ஒரு கேள்வியில் திரும்பியது. சகலாகம பண்டிதர் என்று பெயரெடுத்த பெரியவர், சிறுவயது மெய்கண்டாரின் முன் வந்து நின்று, ஆணவ மலத்தின் சொரூபம் எப்படியிருக்கும் என்று கேட்டாராம். மெய்கண்டார் வாய் திறக்காமல், நின்றுகொண்டிருந்த அவரையே மேலும் கீழும் பார்த்தாராம். பண்டிதர் காலில் விழுந்து அருணந்தி சிவாச்சாரியார் ஆனார். பிறகு சாத்திரங்களிலேயே 'உண்மை விளக்கம்' மாணவன் கேட்க ஆசான் சொல்லும் நூலாகவும், 'வினா வெண்பா' குருவை நோக்கிய வினாக்களாகவும் எழுதப்பட்டன. எதிரில் நிற்பவர் யார் என்று பார்த்துத்தான் அந்தப் பதில் வந்தது. வேறொருவர் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். ரெக்கார்டிங்கில் எத்தனை நல்ல பேச்சு இருந்தாலும் கேட்பவனை அது பார்ப்பதில்லை.

அதனால்தான், வகுப்பில் கேள்விக்கு நேரம் ஒதுக்காத மதப் படிப்புகளைக் கண்டால் எனக்குக் கவலை. சாட் பெட்டியில் கேள்வியைப் போடுங்கள், கடைசியில் பார்க்கலாம் என்பார்கள். கடைசியில் நேரம் இருக்காது. சாதி பற்றி, பெண்கள் பற்றி, பிற மதத்தவர் பற்றி ஒரு மாணவி கேட்கும் கேள்வி சங்கடமாகத்தான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு நூலைப் புரட்டி, தெரிந்ததைச் சொல்கிற ஆசிரியரிடம் படியுங்கள். மியூட் பொத்தான் கையில் இருக்கிற தைரியத்தில் நடத்தப்படும் போதனையில் சமயம் வளராது, வெறுப்புதான் வளரும். எந்த மதமானாலும் இதில் எனக்குச் சமரசம் இல்லை.

யார் படிக்கிறார்கள் என்பதும் மாறியிருக்கிறது. மடத்துப் படிகள் எல்லாருக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. பிறப்பைப் பார்த்தும் ஆணா பெண்ணா என்று பார்த்தும் பாடம் சொல்லப்பட்ட காலம் வெகுதூரத்தில் இல்லை. சில பாடசாலைகளில் அது இன்னும் முடியவில்லை. மாதம் ஒரு ஞாயிறு முழுவதையும் வீட்டைவிட்டு வெளியே கழிக்க எத்தனை பெண்களால் முடியும்? இரவுச் சாப்பாட்டு வேலையை முடித்துவிட்டு, அல்லது அதை முடித்துக்கொண்டே, காதில் இயர்போனுடன் பிரபந்தம் சொல்கிற பெண்களுக்கு இந்த வகுப்புகள் தந்திருப்பது சாதாரண வசதி அல்ல. சேரும்போது கேட்கப்படுவது பெயரும் கைபேசி எண்ணும் மட்டும் என்ற ஒன்றே பலருக்குப் பெரிய மரியாதை.

சரி, அந்தச் சான்றிதழுக்கு என்னதான் மதிப்பு? ஒரு மதப் படிப்பின் சான்றிதழ் வாழ்க்கையையே தீர்மானித்த கதை ஒன்று இங்கே உண்டு. எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று 2006இல் தமிழக அரசு ஆணையிட்டு, பயிற்சிப் பள்ளிகளையும் திறந்தது. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் படித்து முடித்துச் சான்றிதழோடு நின்றார்கள். வழக்குகளால் ஆண்டுகள் கரைந்தன. 2021 ஆகஸ்ட் 14 அன்றுதான் அவர்களில் 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது. அந்தச் சான்றிதழ் உரிமைப் பத்திரம். அதற்குப் பின்னால் ஓர் அரசு, ஒரு பாடத்திட்டம், நேரில் கற்ற பூசை முறை எல்லாம் இருந்தன. மூன்று மாத ஜூம் படிப்பின் சான்றிதழை அதோடு சேர்த்துப் பேசக் கூடாது. அதை வைத்துக்கொண்டு யாரும் அர்ச்சகரோ போதகரோ ஆலிமோ ஆகிவிட முடியாது. ஆகலாம் என்று விளம்பரத்தில் சொன்னால் அது பொய்.

பொய் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டினால் 'கௌரவ டாக்டர்' பட்டத்தைப் பொன்னாடையோடு தருகிற, எந்தச் சட்டத்திலும் இடமில்லாத அமைப்புகள் எல்லா மதத்தின் பெயராலும் நடக்கின்றன. சர்வதேசம், பல்கலைக்கழகம் என்ற சொற்கள் பெயர்ப் பலகையில் இருந்தால் இரண்டு முறை விசாரிப்பது நல்லது. நேர்மையான அமைப்பு முதல் பக்கத்திலேயே சொல்லிவிடும்: இது கிரெடிட் இல்லாத படிப்பு, இதனால் வேலை கிடைக்காது என்று. கட்டணம் கேட்பதில் தவறில்லை. ஓதுவாரும் ஹஜரத்தும் உபதேசியாரும் காலங்காலமாகக் குறைந்த சம்பளத்தில் வாடியவர்கள்; வாரம் மூன்று நாள் குரல் வற்றக் கற்பிக்கிறவருக்குச் சம்பளம் வேண்டும். யாருக்குப் போகிறது, எவ்வளவு போகிறது என்று கேட்க மாணவருக்கு உரிமை உண்டு, அவ்வளவுதான்.

இணையத்தால் முடியாததும் இருக்கிறது. அச்சிறுபாக்கப் பதிகத்தைப் படாளத்தில் உட்கார்ந்து திரையில் கற்ற ஒருவர், பேருந்தில் சற்று நேரத்தில் போய்விடக்கூடிய ஆட்சீசுவரர் சன்னிதியில் அதைப் பாடாமலே சான்றிதழ் வாங்கிவிட முடிகிறது. விவிலிய வகுப்பு முடித்தவர் தம் பங்குப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு ஞாயிறுகூடப் பாடம் எடுக்காமல் இருந்துவிடலாம். இதற்கு மாற்று கடினமல்ல. இணைய வகுப்பு நடத்துகிறவர்கள், ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கும் மாணவர்களைப் படிப்பு முடிவதற்குள் ஒருமுறையாவது ஓரிடத்தில் கூட்டலாம். செங்கல்பட்டுப் பக்கத்து மாணவர்களுக்கு அச்சிறுபாக்கமும் மதுராந்தகமும் திண்டிவனமும் ஒரே சாலையில் இருக்கின்றன. ஆசிரியர் வர முடியாவிட்டால் மாணவர்கள் மட்டுமே கூடட்டும். ஒருவர் குரலோடு ஒருவர் குரலைச் சேர்த்துப் பாடவோ, வாசிக்கவோ அன்றைக்காவது முடியும்.

இன்னொரு வேண்டுகோள் சான்றிதழ் அச்சிடுகிறவர்களுக்கு. தங்க நிறக் கரையும் நாலு கையெழுத்தும் முன்பக்கத்தில் இருக்கட்டும். பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? எந்த நூல், எந்தப் பகுதி, எத்தனை மணி நேரம், கற்பித்தவர் யார், அவர் யாரிடம் கற்றார், தேர்வு எழுத்தா வாய்மொழியா என்று அங்கே அச்சிடுங்கள். பட்டக் கணக்கில் சேராத படிப்புக்கு இந்த ஆறு வரிகளைவிடப் பெரிய அங்கீகாரம் யாராலும் தர முடியாது. ஓராண்டு கழித்து அடுத்த நிலைக்குப் போக விரும்பும் மாணவரை எங்கே உட்கார வைப்பது என்று புதிய ஆசிரியருக்கும் அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.